மூக்கடைத்த எலியும் மீன் எடுக்கிறவரும்

என் கணவர் என் சமையலை வாய்விட்டுப் பாராட்டியது ஒரே ஒரு தடவைதான். அந்தப் பாராட்டும் எனக்கு நிலைக்கவில்லை.

முந்தின நாள் மிஞ்சிய சாம்பாரை ஃபிரிட்ஜில் வைக்க மறந்திருந்தேன். காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதைச் சுடவைத்து அவருடைய இட்லியில் ஊற்றிவிட்டேன். மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டு, "புளிப்பு தூக்கலா, சாம்பாரு நல்லாருக்கே இன்னைக்கு" என்றார். பூரித்துப்போய் நானும் ஒரு கரண்டி எடுத்து வாயருகே கொண்டுபோனேன். ஊசிப்போன வாடை குப்பென்று அடித்தது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். திருப்தியாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அது நெத்திலியா, வாளையா என்று மாடியில் படுத்துக்கொண்டே சொல்கிறவர் அவர். அவருக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருந்த சாம்பார் தெரியவில்லை.

"என்னா, மூக்கு வேல செய்யலியா?" என்றேன்.

"சளிடி. போயிடும்."

சளி போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வாரம் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சல். எல்லோருக்கும் வந்தது போல இவருக்கும் வந்து, எல்லோருக்கும் போனது போல இவருக்கும் போனது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனதை இவர் என்னிடம் சொல்லவில்லை. குளியலறையில் சோப்பை முகர்ந்து முகர்ந்து பார்த்திருக்கிறார். நான் புது சோப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு ஒன்று வாங்கிவைத்தேன். இரண்டு பேரும் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

மூக்கு போனால் என்ன, கண்ணும் காதும் இருக்கிறதே என்று வேறு யாருக்காவது சொல்லலாம். இவருக்கு மூக்குதான் தொழில். இவருடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியதும் மகன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரிலுள்ள ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் போடும் வேலையைப் பிடித்துக்கொண்டார். பரம்பரை மீன்காரர் இல்லை. படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். அப்படிப்பட்டவருக்கு அங்கே மரியாதை கிடைத்தது என்றால் அது மூக்கு வாங்கித் தந்த மரியாதை.

அங்கே ஏலம் இப்படித்தான் நடக்கும். கூடையைக் கொண்டுவந்து தரையில் வைப்பார்கள். விலை கேட்பதற்கு முன்னால் அடியில் கிடக்கும் மீன் ஒன்றை உருவி எடுத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் கண்ணைப் பார்ப்பார்கள், விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். இவர் செவுளைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார். ஐஸில் கிடந்த மீன் கண்ணை ஏமாற்றும், விரலையும் ஏமாற்றும், மூக்கிடம் அதன் ஜம்பம் சாயாது என்பது இவருடைய கொள்கை. நாளாவட்டத்தில் மற்ற வியாபாரிகள் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவர் தலையாட்டினால் விலை ஏறும், உதட்டைப் பிதுக்கினால் இறங்கும். கடற்கரைப் பக்கம் ரெஸ்டாரன்ட் நடத்தும் பெரியவர் ஒருவர், பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டு வந்தவர், இவரை 'முசியே நே' என்றுதான் கூப்பிடுவார். பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா, நே என்றால் மூக்காம். இவர் அதைப் பட்டமளிப்பு விழாவில் கொடுத்தது போல வீட்டில் வந்து சொல்லிக்கொள்வார்.

இனி என் தொழிலையும் சொல்ல வேண்டும். அப்போது நான் கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் மூக்கை அடைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்க வேண்டாம், அதற்குச் சம்பளம் உண்டு. வெள்ளைக் கோட்டும் உண்டு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் டீ குடிக்கப் போனால், வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளிகள் என்னை டாக்டர் என்று நினைத்து எக்ஸ்ரேயை நீட்டுவார்கள். என் மாமியார் தெருவில் என்னை 'மூளை டாக்டர்' என்று சொல்லிவைத்திருந்தார். எலி மூளை என்பதை வசதியாக விட்டுவிடுவார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இதுதான். மூளைக்கு முன்பக்கம், மூக்குக்கு மேலே, வாசனையை முதலில் வாங்கிக்கொள்ளும் சின்ன மொட்டு ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள சில நரம்புச் செல்கள் டோபமைனைத் தயாரிக்கின்றன. டோபமைன் என்றால் சந்தோஷம் என்று போனில் வரும் வீடியோக்கள் எல்லாம் அடித்துச் சொல்கின்றன. இந்த மொட்டில் அதற்கு வேறு வேலை, வந்து குவியும் வாசனைச் சேதிகளைக் கூட்டிக் குறைத்து ஒழுங்குபடுத்துவது. டோபமைனைச் செய்ய டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்று ஒரு நொதி வேண்டும். நொதியைச் செய்யும் முறை அந்தச் செல்லின் மரபணுவில் இருக்கிறது. இருக்கிறது என்பதற்காகச் செல் அதைச் செய்துகொண்டே இருப்பதில்லை. மூக்கிலிருந்து சேதி வரவேண்டும். சேதி வந்தால் செல்லுக்குள் கால்சியம் நுழையும். அந்தத் தகவல் கைமாறிக் கைமாறி உட்கரு வரைக்கும் போகும். அங்கே சில புரதங்கள் மரபணுவின் முகப்பில் போய் உட்கார்ந்து, நகலெடு என்று சொல்லும். நகல் வெளியே வந்தால்தான் நொதி.

எலியின் ஒரு பக்க மூக்கை அடைத்துவிட்டால் அந்தப் பக்கம் சேதி நின்றுபோகும். சில வாரங்களில் நகலெடுப்பு குறைந்து, நொதியும் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஆனால் செல் சாவதில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, தன் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டு. அடைப்பை எடுத்துவிட்டால், மெல்ல மெல்ல, நகலெடுப்பு மறுபடியும் தொடங்குகிறது. எனக்கு இந்தச் செல்களின் மேல் தனி மரியாதை உண்டு. வேலை இல்லை என்று ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறதே!

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் அவரிடம் சொன்னபோது, "அதான்டி, ஆர்டர் வந்தாதான் மாஸ்டர் கல்லுல மாவு ஊத்துவாரு. இதுக்கா இத்தினி வருஷம் படிச்ச?" என்றார். என் ஆராய்ச்சியை அவ்வளவு சுருக்கமாக என் கைடும் சொன்னதில்லை. அன்றைக்கு அவரோடு ராத்திரி வரைக்கும் பேசவில்லை.

சாம்பார் தினத்துக்கு மறுநாள் அதே மனிதர் என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, எலியைப் பற்றி மறுபடியும் சொல் என்றார். சொன்னேன். இந்தத் தடவை கேலி இல்லை. நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"அப்ப எனக்கும் உள்ள மாஸ்டரு இருக்காரா, இல்ல போய்ச் சேந்துட்டாரா?"

"எலிக்கு வேணா சொல்லுவேன். உனக்கு எங்க கெட்டிருக்குன்னே தெரியல. காய்ச்சல்ல மூக்கு உள்தோலு கெட்டிருக்கலாம், வாசன நரம்பு கெட்டிருக்கலாம். நீ எலி இல்லியே."

"எலியா இருந்தா நல்லா பாத்துப்ப போல," என்றார்.

தனியாக இருக்கும்போது நான் அவரை நீ என்பேன், நாலு பேர் எதிரில் நீங்க என்பேன். காது மூக்கு தொண்டை டாக்டர் எதிரில் 'இவங்களுக்கு' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அடைப்பு எதுவும் இல்லை, தினமும் காலையும் மாலையும் நாலைந்து வாசனைகளை மனம் வைத்து முகர்ந்து பாருங்கள், திரும்பி வரலாம், மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம் என்றார். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது இவர் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லிடாத. எங்கம்மாகிட்டகூட. தொறமொகத்துல தெரிஞ்சா போச்சு. மூக்கில்லாதவங்கிட்ட எவன் மீனு வாங்குவான்?"

அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் பயமாக இருந்தது. என் சம்பளம் என்பது ஆராய்ச்சிப் பணம் வந்தால் வரும், வராவிட்டால் கைடின் ஆறுதல் வரும். வீடு ஓடியது அந்த ஐஸ் பெட்டியில்தான்.

அவர் நாள் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தார். செவுளைத் தூக்கி, மூக்கருகே வைத்து, அதே இழுப்பு. பிறகு மனசுக்குத் தோன்றியபடி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்து ஊர் விலை சொல்லும். ஒரு நாள் ஒரு மெஸ்ஸிலிருந்து மீனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் ஐஸ் உருகிவிட்டது என்று சமாளித்துவிட்டு வந்தவர், அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அப்போதுதான் நான் அந்தப் பைத்தியக்கார யோசனையைச் சொன்னேன்.

"நான் வரேன். நான் மோந்து சொல்றேன்."

அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். சிரிக்க அவருக்குக் காரணம் இருந்தது. என் பிறந்த வீட்டில் கவுச்சி கிடையாது. முட்டைகூடக் கிடையாது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, மீனை மாடி மூலையில் தனி அடுப்பில், தனிச் சட்டியில், அவரேதான் செய்துகொள்ள வேண்டும் என்பது. அவர் குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி ஏற்றிவிடுவேன். அப்படிப்பட்டவள் மீன் ஏலத்துக்கு மூக்கு!

இருந்தும் வேறு ஆள் இல்லை. துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் ஏலம் விடும் அக்கா, "என்னாம்மா டாக்டரம்மா, எங்க ஊட்டுப் பக்கம்?" என்று கேட்டார். பெரிய குரல், பெரிய மனசு, இன்னும் பெரிய சந்தேகம். லேபுக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவதாக இவர் சொன்னார். தேங்காய்த்திட்டு ஒரு மூலை, கோரிமேடு இன்னொரு மூலை. அக்கா எங்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புதுசாகக் கல்யாணம் ஆன மாதிரி சுற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ஏற்பாடு இப்படி. அவர் முதலில் மீனை எடுத்து வழக்கம் போல ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். பிறகு பெண்டாட்டிக்குப் பெருமை காட்டுகிற மாதிரி, "தோ பாரு, செவுளு எப்படி செவந்துருக்கு" என்று என் மூக்கருகே நீட்டுவார். நல்லது என்றால் நான் துப்பட்டாவைத் தோளில் சரிசெய்துகொள்ள வேண்டும். கெட்டது என்றால் ஓர் அடி பின்னால் போக வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தைக் காட்டுவார்.

முதல் நாள் நான் எல்லாக் கூடைக்கும் பின்னால் போனேன். வஞ்சரத்துக்குப் போனேன், சங்கராவுக்குப் போனேன், இறாலுக்கு மூன்று அடி போனேன். போய்ப் போய் ஐஸ் உடைக்கும் இடத்துக்கே போய்விட்டேன். இவரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் விலையே ஏறவில்லை. காலிப் பெட்டியோடு திரும்பும்போது, "ஒன்ன நம்பி வந்தா ஊரையே பட்டினி போட்டுருவ" என்றார்.

பிறகு பிடிபட்டது. பிடித்துக் கொடுத்தது என் எலிகள்தான். கூண்டில் மரத்தூளை மாற்ற ஒரு நாள் தள்ளிப்போனால் மூக்கைக் குத்தும் ஒரு வாடை எழும். எனக்கு அது தூக்கத்தில் வந்தாலும் தெரியும். பழைய மீனுக்குள் அதன் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன். நல்ல மீனில் அவள் இல்லை. வெறும் கடலும் பாசியும்தான். அதன் பிறகு கவுச்சி என்று ஒட்டுமொத்தமாக நான் வெறுத்த ஒன்று எனக்குள் பல வாடைகளாகப் பிரிந்துபோனது. நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் திருப்பி அனுப்பிய மெஸ்காரர்கள் மறுபடியும் வாங்கினார்கள். முசியே நேவின் பட்டம் பத்திரமாக இருந்தது, என் மூக்கில்.

வீட்டில் பயிற்சியும் நடந்தது. கிராம்பு, எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம், ரோஜாப்பூ என்று டப்பாக்களில் போட்டு, கண்ணைக் கட்டி முகரச்சொல்வேன். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். நான் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் தெரிந்தது, கிராம்பு டப்பாவின் மூடி கறகற என்று திறக்கும், தைல பாட்டில் டப்பென்று திறக்கும். மனிதர் காதால் முகர்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாட்டில்களுக்கு மாற்றினேன். மறுபடியும் சூனியம்.

"பாஸாவணும்னு காப்பி அடிக்கறியா? இது பரிட்சையா?" என்று கத்தினேன்.

"நீ முகத்த அப்படி வெச்சிருந்தா நான் என்னா பண்றது? ஒனக்காவதான் சொன்னேன்," என்றார். அதற்குமேல் கத்த எனக்கு மனம் வரவில்லை.

ரோஜாவும் கிராம்பும் தனக்கு ஒத்துவராது, தன் மூக்கு வேறு ஜாதி என்று சொல்லி, நெத்திலிக் கருவாட்டை ஒரு பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டார். தினமும் விடியலில் கண்ணை மூடி, பூஜை போல, கருவாட்டை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எதிர் நாற்காலியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாமியார் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, மூளை டாக்டருக்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்.

மாதங்கள் போயின. மழைக்காலம் வந்து போனது. பாட்டில்களைத் திறப்பது குறைந்தது. ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சோறு திங்கறதும் பேப்பரு திங்கறதும் ஒண்ணாத்தான்டி இருக்கு. ஒன் மாஸ்டரு கடைய சாத்திட்டுப் போயிட்டாரு. நீதான் சொல்ல மாட்டேங்குற" என்றார்.  அன்று லேபில் அடைப்பு எடுத்த எலிகளின் மூளை வெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நொதி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றியிருந்தோம். முன்பு அடைத்திருந்த பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் திரும்பியிருந்தன. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு அந்த எலியின் மேல் பொறாமைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

தை மாதம் என்று நினைக்கிறேன். சின்னப் படகுக்காரர் ஒருவர் ஒரு கூடை வஞ்சரம் கொண்டுவந்தார். பெரிய படகுகளுக்கு நடுவில் அவருக்கு எப்போதாவதுதான் அப்படி அடிக்கும். அக்கா கூடையை நடுவில் இழுத்துவிட்டு விலையை ஆரம்பித்தார். இவர் வழக்கம் போல அடியிலிருந்து ஒரு மீனை உருவி, செவுளைத் தூக்கி, இழுத்தார்.

மீன் கையிலிருந்து விழுந்தது. இவர் முகம் கோணி, கண்ணில் தண்ணீர் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். என் மூக்கருகே அந்த மீன் இன்னும் வரவேயில்லை.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஓர் அடி பின்னால் போனார்கள். முசியே நே உதட்டைப் பிதுக்கித்தான் பார்த்திருக்கிறார்கள், குமட்டிப் பார்த்ததில்லை.

"என்னாய்யா, அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்றார் அக்கா.

"அண்ணே, விடியக் காலைலதான் வலைய இழுத்தேன். ஐஸுகூட இன்னும் போடல," என்றார் படகுக்காரர். யாரும் அவரைப் பார்க்கவில்லை. விலை மளமளவென்று இறங்கியது.

நான் குனிந்து அந்த மீனை எடுத்து முகர்ந்தேன். கடல், பாசி. அவ்வளவு நல்ல மீனை அந்த வாரத்தில் நான் பார்த்ததில்லை.

"நல்ல மீனு," என்றேன் அவர் காதருகே.

"இல்லடி. நாறுது. ரப்பரு எரியற மாரி நாறுது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பல மாதமாக இந்த உலகத்தில் எதுவுமே நாறாத மனிதர் சொல்கிறார், நாறுகிறது என்று.  கெட்டுப்போன வாசனை நரம்பு மறுபடி முளைக்கும்போது முதலில் சேதியைத் தப்புத் தப்பாகத்தான் கொண்டுவரும், நல்லதெல்லாம் நாற்றமாகத் தெரியும் என்று படித்திருந்தேன். தப்பான சேதிதான். ஆனாலும் சேதி. இவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது.

"இந்த வெலைக்குன்னா நான் எடுத்துக்கறேன்க்கா. கொழம்புல போட்டா யாருக்குத் தெரியப்போவுது," என்றார் பக்கத்தில் நின்ற வியாபாரி. படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், என் மனசு சொன்னது, வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடு என்றுதான். ஒரு கூடை மீன். இவருடைய பேர் அப்படியே இருக்கும். மூக்கு வந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். நான் இவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். இவர் என் கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, ஏலத்த நிறுத்து."

அக்கா நிறுத்தினார்.

"மீனு நல்ல மீனு. எம்மூக்குதான் கெட்டுப்போச்சு. காய்ச்சலு வந்ததுலேருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. இன்னைக்கு என்னமோ எல்லாம் நாறுது. என்னயப் பாத்து வெலய எறக்காதீங்க."

 யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அப்ப இத்தினி மாசமா எத மோந்துகிட்டு இருந்த?" என்று கேட்டார்.

"நானு எங்க மோந்தேன்? தோ, இவதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டு பையிலிருந்து எட்டிப் பார்க்க, கையில் வஞ்சரத்தோடு நின்றேன்.

"கவுச்சி துன்னாதவ சொல்லியா நாம மீனு எடுத்துகிட்டு இருந்தோம்!" என்றது ஒரு குரல். சிரிப்பு பெரிதானது. நல்ல சிரிப்பும் இருந்தது, அப்படி இல்லாததும் இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. "என்னயவே ஏமாத்திட்ட இல்ல?" என்று இவரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வாயத் தொறந்து சொல்லு. மீனு எப்படி?"

துப்பட்டாவைச் சரிசெய்யத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

"நல்ல மீனு. இன்னைக்கு வந்ததுலயே இதான் நல்ல மீனு."

எதிர்பார்த்ததைவிட உரக்க வந்துவிட்டது. அக்கா மறுபடியும் ஆரம்பித்தார். விலை ஏறியது. இவரும் கேட்டுப் பார்த்தார், எங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வேறொருவர் எடுத்துக்கொண்டார். படகுக்காரர் பணத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, எங்களை முறைத்துவிட்டுப் போனார். அவர் செய்தது நியாயம்தான்.

பேரும் போய், மீனும் போய், காலிப் பெட்டியோடு திரும்பினோம்.  நெல்லித்தோப்பில் ஒரு பேக்கரி எதிரில் போன் அடித்ததும் வண்டியை ஓரங்கட்டினார். கடற்கரை ரெஸ்டாரன்ட் பெரியவர். சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது.

"முசியே நே, மூக்கு போயிட்டுதாமே?" குரல் எனக்கே கேட்டது.

"ஆமாங்கய்யா."

"மதாம் நாளைக்கும் வருவாங்களா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வருவாள் என்றார். "அலோர், அப்ப சரி, எனக்கு மீன்தானே வேணும்," என்று போனை வைத்துவிட்டார். எல்லோரும் அவரைப் போல இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் வேறு சில இடங்களில் இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் எங்களுக்குக் கஷ்டமான வருஷம்தான்.

ஆனால் அந்தக் காலையில் இவருக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. வண்டியிலிருந்து இறங்கி பேக்கரி வாசலுக்குப் போனார். அப்போதுதான் அடுப்பிலிருந்து ரொட்டி இறக்கியிருந்தார்கள். மூச்சை இழுத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ரொட்டியும் நாறுது!"

"நாறும். கொஞ்ச நாளைக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கும். சரியாவலாம். இப்படியே நின்னுபோனாலும் போவலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. டீக்கடை பாலை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். அதுவும் நாறியது. வண்டியின் பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்த்தார். அதுவும்தான். தன் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார். போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, ஒவ்வொன்றாக முகர்ந்து முகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, நடுத்தெருவென்றும் பார்க்காமல், என் தலையில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குமட்டலா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நீயும் நாறுறடி," என்றார்.

நான் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன்.